எதிர்ப்பு என்றொரு சொல்

சங்கராபுரத்திலிருந்து மேற்கே கல்வராயன் மலையடிவாரம் நோக்கிப் பயணம் செய்பவர்கள், வழியில் எதிர்ப்படும் ஆலமரங்களைச் சற்று நின்று பார்க்கலாம். கிளைகளில் வைக்கோல் சுற்றிய சாக்குப் பொதிகள் சில நேரம் தொங்கிக்கொண்டிருக்கும். கன்று ஈன்ற பசுவின் இளங்கொடியைப் பால் வடியும் மரத்தில் கட்டினால் பசுவுக்குப் பால் பெருகும் என்பது தமிழகத்தின் பல பகுதிகளிலும் உள்ள நம்பிக்கை. அதே உறுப்பு ஒரு பெண்ணின் உடலிலிருந்து வெளிவரும்போது நம் மக்கள் அதற்கு வழங்கும் பெயர் நஞ்சுக்கொடி. இரு சொற்களும் ஆங்காங்கே மாறி வழங்குவதுண்டு. ஆயினும் பசுவுக்கு இளங்கொடி, பெண்ணுக்கு நஞ்சு என்ற வழக்கே நம் காதில் பெரிதும் விழுகிறது.

முதுகலை வகுப்பில் சொற்பொருள் மாற்றம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாளில் ஒரு மாணவி இதைக் கேட்டாள்: "ஒன்பது மாதம் குழந்தைக்குச் சோறு போட்டதை நஞ்சு என்று சொல்லலாமா அம்மா?" பிள்ளை பிறந்த பின் அது வெளியேறாமல் தங்கிவிட்டால் அழுகித் தாயின் உயிரைக் குடிக்கும், மருத்துவ வசதியில்லாத காலத்தில் அந்த அச்சமே பெயராகியிருக்கக்கூடும் என்று வழக்கமான விடையைச் சொன்னோம். விடை பொருத்தமானதுதான். ஆனாலும் கேள்வி நம்மை விட்டுப் போகவில்லை. அந்த உறுப்புக்கும் அதைத் தாங்கும் தாயின் உடலுக்கும் இடையே நடப்பது, கடந்த எழுபது ஆண்டுகளில் அறிவியல் மெல்ல மெல்லப் படித்தறிந்த பெருங்கதை. அந்தக் கதையை அறியும்தோறும் ஒன்று உறுதிப்படுகிறது: தாயின் உடல் தன்னைக் காக்கும் முறையைப் பற்றி நாம் வழங்கும் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிழையாக இருக்கின்றன. சொற்பிழை இலக்கண ஆசிரியரின் கவலை மட்டும்தானே என்று கேட்பவர்களுக்கு, 2021ஆம் ஆண்டின் கோடையை நினைவூட்ட விரும்புகிறோம். அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் புதிரைச் சொல்லிவிடவேண்டும். ஒருவரின் தோலை எடுத்து இன்னொருவருக்கு ஒட்டினால், தக்க மருந்து கொடுக்காவிட்டால், ஓரிரு வாரங்களில் உடல் அதை அயலானது என்று கண்டுகொண்டு அழித்துவிடும். தாயும் மகளுமே ஆனாலும் பொதுவாக இதுதான் விதி. கருவிலுள்ள குழந்தையோ பாதி தாயுடையது, பாதி தந்தையுடையது. தாயின் உடலைப் பொறுத்தவரை அந்தப் பாதி முற்றிலும் அந்நியம். அப்படியிருக்க, ஒன்பது மாதங்களுக்கு மேல் அந்த அந்நியத்தை உடல் எப்படி விட்டுவைக்கிறது? பிரிட்டிஷ் உயிரியலாளர் பீட்டர் மெடாவர் 1953இல் இந்தக் கேள்வியை முதன்முதலாகத் தெளிவாக எழுப்பினார். அவர் முன்வைத்த ஊகங்கள் மூன்று. தாய்க்கும் கருவுக்கும் இடையே முழுமையான தடுப்புச் சுவர் இருக்கலாம். அல்லது கரு இன்னும் முதிராததால் தாயின் உடலுக்கு அதன் அடையாளம் புலப்படாமல் இருக்கலாம். அல்லது கருவுற்ற காலத்தில் தாயின் காவல் மந்தமாகிவிடலாம். உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு அடித்தளமான ஆய்வுகளுக்காக 1960இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கருவைப் பற்றிய அவருடைய மூன்று ஊகங்களும் பின்வந்த ஆய்வுகளில் பெருமளவு நிலைக்கவில்லை. கேள்வி சரி, விடைகள் சரியில்லை. அறிவியலில் இது இழுக்கன்று. வருந்தத்தக்கது வேறொன்று. அறிவியல் கைவிட்ட அந்த மூன்றாவது ஊகம் மட்டும் நம் ஊர்ப் பேச்சில் நிலையாகக் குடியேறிவிட்டது. "மாசமா இருக்கிற பொண்ணு, எதிர்ப்புச் சக்தி கம்மி" என்ற வாக்கியத்தைக் கேளாதவர் நம்மில் யார்?

இனி உண்மையில் நடப்பதைப் பார்ப்போம். சுவர் என்று ஒன்று முழுமையாக இல்லை. தாயின் உயிரணுக்கள் குழந்தைக்குள் செல்கின்றன. குழந்தையின் உயிரணுக்களும் தாய்க்குள் வருகின்றன. மகனைப் பெற்ற ஒரு பெண்ணின் இரத்தத்தில், பேறு முடிந்து 27 ஆண்டுகள் கழிந்த பின்னும் ஆண் உயிரணுக்கள் இருப்பதை 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பெற்ற பிள்ளை தாயின் உடலில் தங்கிவிடுகிறான் என்பது உவமையாக மட்டுமன்றி நேர்ப்பொருளிலும் உண்மைதான்.

எல்லையில் நிற்பது நஞ்சுக்கொடியின் புறப்படலம். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவும் தன் மேற்பரப்பில் தான் யார் என்று அறிவிக்கும் அடையாளச் சீட்டுகளை ஏந்தி நிற்கிறது. காவல் அணுக்கள் அச்சீட்டைப் படித்தே நண்பரையும் அயலாரையும் பிரித்தறிகின்றன. நஞ்சுக்கொடியின் எல்லை அணுக்களோ, கடும் எதிர்ப்பைத் தூண்டும் வழக்கமான சீட்டுகளை மறைத்துவிட்டு, எச்எல்ஏ-ஜி என்னும் அரிய சீட்டை நீட்டுகின்றன. உடலின் வேறு இடங்களில் பெரிதும் காணப்படாத அது, காவலரை அமைதிப்படுத்தும் தன்மை கொண்டது.

அடுத்தது கருப்பையின் உட்சவ்வு. கருவுற்ற முதல் மாதங்களில் அங்குக் கூடும் வெள்ளை அணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு, இயற்கைக் கொல்லி அணுக்கள் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. புற்றணுக்களையும் நச்சுயிர் தொற்றிய அணுக்களையும் கொல்வதால் அவற்றுக்கு அந்தப் பெயர். கருவுக்கு மிக அருகே கொல்லிகள் குவிவதைக் கண்ட ஆய்வாளர்கள் தொடக்கத்தில் திகைத்தார்கள். பின்னர்த் தெரிந்தது, அங்கே அவை கொல்லவில்லை. தாயின் குறுகிய தமனிகளை அகலப்படுத்திக் குழந்தைக்கு இரத்தம் தாராளமாகப் பாய வழிசெய்யும் பணியில் துணை நிற்கின்றன. தமனிகள் சரிவர அகலாதபோதுதான் குழந்தையின் வளர்ச்சி குன்றுவதும், கர்ப்பகால இரத்தக் கொதிப்பும் வலிப்பும் தாயைத் தாக்குவதும் மிகுகின்றன. ஆக, அந்த இடத்தில் காவல் மந்தமானால் குழந்தைக்கு நன்மை என்று நினைப்பது தவறு. காவல் அங்கே வந்து வேலைசெய்யாவிட்டால்தான் ஆபத்து. கொல்லி என்ற பெயர் இங்கே எவ்வளவு பொருந்தாமல் நிற்கிறது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

மூன்றாவதாக, காவலருக்கும் காவலராக இருக்கும் ஒழுங்குபடுத்தும் அணுக்கள். உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாதபடி தடுக்கும் இவற்றை ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி 1995இல் இனங்கண்டார். இத்துறைப் பணிக்காக அவருக்கும் மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் ஆகிய இருவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. கருவுற்ற எலிகளிடம் இந்த அணுக்கள் பெருகுவதையும், அவற்றை நீக்கிவிட்டால் தந்தைவழி அயற்கூறு கொண்ட கருக்கள் நிலைக்காமல் போவதையும் 2004இல் வருண அலுவிகாரேயும் அவருடைய துணை ஆய்வாளர்களும் கண்டறிந்தார்கள். 2012இல் வெளியான மற்றோர் எலி ஆய்வு இன்னும் சுவையானது. முதல் கருவின்போது பழகிய ஒழுங்குபடுத்தும் அணுக்கள் பேறு முடிந்த பின்னும் நினைவோடு தங்கியிருந்து, அடுத்த கருவின்போது விரைந்து பெருகுகின்றன. பகைவனை நினைவில் வைத்துக்கொள்வதே காவலின் வேலை என்று பாடநூலில் படித்த நமக்கு, உறவையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும் என்பது புதுச் செய்தி.

இவை ஒரே சீராக நடப்பதுமில்லை. கரு ஒட்டும் தொடக்கக் காலத்தில் கருப்பையில் அழற்சி மிகுந்திருக்கிறது. நடு மாதங்களில் தணிகிறது. பேறு நெருங்கும்போது மீண்டும் எழுந்து வலிக்குத் துணைசெய்கிறது. இரத்தத்திலுள்ள காவல் அணுக்களின் நிலையைக் கொண்டே கருவின் வயதைக் கணிக்கலாம் என்னுமளவுக்கு இந்த மாற்றம் காலம் தவறாதது என்று 2017இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். முடக்குவாதத்தால் அவதியுறும் பெண்கள் பலருக்குக் கருவுற்ற காலத்தில் நோய் தணிந்து, பிள்ளை பிறந்த சில மாதங்களில் திரும்புவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். குறைவு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவை எதுவும் அடங்கா.

குறைவு அன்று என்பதற்கு இன்னொரு கசப்பான சான்றும் உண்டு. தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ் இரத்தமும் குழந்தைக்கு ஆர்எச் பாசிட்டிவ் இரத்தமும் அமைந்தால், பேற்றின்போது குழந்தையின் சிவப்பணுக்கள் தாயின் இரத்தத்தில் கலக்க, தாயின் உடல் அவற்றுக்கு எதிரான பொருள்களை உருவாக்கி நினைவில் கொள்கிறது. முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த குழந்தையின் இரத்த அணுக்களைத் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே சென்று சிதைக்கும். இந்தியாவில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர் ஆர்எச் நெகட்டிவ். "மூத்தது நல்லாப் பொறந்துச்சு, அதுக்கப்புறம் எதுவும் தங்கலை" என்று நம் ஊர்க் கிழவிகள் சொல்லும் பழைய துயரங்களில் சில இதனால் நேர்ந்தவையாக இருக்கலாம். அன்று அதற்கு அந்தப் பெண்ணின் ராசியையோ குலதெய்வத்தின் கோபத்தையோ காரணம் காட்டியிருப்பார்கள். 1968 முதல் இதற்குத் தடுப்பு உண்டு. பேறு நடந்து 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டால், தாயின் உடல் நினைவு கொள்வதற்கு முன்பே குழந்தையின் அணுக்கள் அகற்றப்பட்டுவிடும். இந்த மருந்துக்காகவே ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் 1,173 முறை குருதிக்கூறு கொடுத்துவிட்டு 2025இல் மறைந்தார். நாம் இங்கே கவனிக்கவேண்டியது, கருவைச் சுமக்கும் உடலின் எதிர்ப்பாற்றல் எவ்வளவு விழிப்போடு இருக்கிறது என்பதை.

டெல்லியிலுள்ள தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தில் ஜி. பி. தல்வார் தலைமையில் நடந்த ஆய்வும் இதையே வேறு வழியில் சொல்கிறது. கருவை நிலைநிறுத்தும் எச்சிஜி என்னும் சுரப்புக்கு எதிராகத் தாயின் உடலைப் பழக்கும் கருத்தடைத் தடுப்பூசி அது. 1994இல் வெளியான முடிவின்படி, போதிய அளவு எதிர்ப்பொருள் இருந்த காலத்தின் 1,224 மாதச் சுழற்சிகளில் ஒரே ஒரு கருவுறுதல்தான் நேர்ந்தது. எதிர்ப்பொருள் தணிந்தபின் பெண்கள் மீண்டும் கருவுற முடிந்தது. கருவை ஏற்பதும் ஏற்காமலிருப்பதும் ஆற்றலுள்ள ஓர் உடல் செய்கின்ற தேர்வு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இனி 2021க்கு வருவோம். அந்த ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் நாடு முழுவதும் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது, கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் விலக்கிவைக்கப்பட்டார்கள். தொடக்கச் சோதனைகளில் கருவுற்றவர்களைச் சேர்க்கவில்லை, ஆகவே அவர்களுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லத் தரவு இல்லை என்பது காரணம். பாலூட்டுவோருக்கு மே 19இல் அனுமதி வந்தது. கருவுற்றவர்களுக்கு ஜூலை 2இல்தான் வந்தது. இடைப்பட்ட ஏப்ரலிலும் மேயிலும் இரண்டாம் அலை நம் ஊர்களைச் சூறையாடி முடித்திருந்தது. கருவுற்றவர்களிடமும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களிடமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வில், முதல் அலையில் 0.7 விழுக்காடாக இருந்த இறப்பு விகிதம் இரண்டாம் அலையில் 5.7 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

அந்த மே மாதத்தில் நம்மிடம் படித்த மாணவி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஆறு மாதம். "அம்மா, ஊசி போட்டுக்கலாமா? அத்தை வேண்டாங்கிறாங்க. எதிர்ப்புச் சக்தியே இல்லாத உடம்புல கிருமிய ஏத்துவாங்களான்னு கேக்குறாங்க" என்றார். அனுமதி இன்னும் வரவில்லை என்பதைச் சொன்னோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் நேரம், எங்கும் போகாதே" என்றும் சேர்த்துச் சொன்னோம். அன்று அந்தச் சொற்களில் நமக்கு ஐயமே எழவில்லை. ஜூலையில் அனுமதி வந்து, நர்ஸம்மா வீடு தேடி வந்து அழைத்தபோது அவருடைய மாமியார் மறுத்ததற்குச் சொன்ன காரணம், "உங்க டீச்சரம்மாவே சொன்னாங்களே" என்பது. மூன்று நாள் பேசி, எட்டாம் மாதத்தில் அவர் ஊசி போட்டுக்கொண்டார். நல்லபடியாகப் பிள்ளை பிறந்தது. அந்த மூன்று நாள்கள் மட்டும் நம் கணக்கில் நிற்கின்றன. எத்தனை வீடுகளில் அந்தப் பேச்சு மூன்று நாளில் முடியாமல் போயிற்றோ.

ஒரு நியாயமான மறுப்பு எழும். கருவுற்றவர்களைச் சில தொற்றுகள் கடுமையாகத் தாக்குவது உண்மைதானே? உண்மைதான். 2009இல் பரவிய பன்றிக்காய்ச்சலிலும் அதைக் கண்டோம். ஆனால் காரணம் எதிர்ப்பு இன்மை என்று சொல்லிவிட முடியாது. வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலுக்கு இடம் குறைகிறது; இதயம் கூடுதல் இரத்தத்தை இறைக்கவேண்டியிருக்கிறது. 2014இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வொன்றில், ஃபுளூ கிருமியைச் சந்தித்த கருவுற்ற பெண்களின் காவல் அணுக்கள் மற்றவர்களுடையவற்றைவிட மிகுதியாகவே கிளர்ந்தெழுந்தன. கருவுற்றோரை மலேரியா வாட்டுவதற்கும் பெருங்காரணம், நஞ்சுக்கொடி என்னும் புதிய ஒதுங்கிடம் அந்த ஒட்டுண்ணிக்குக் கிடைத்துவிடுவது. மலேரியா மிகுந்த நாடுகளில் முதல் கருவில்தான் அது கடுமை, அடுத்தடுத்த கருக்களில் தாயின் உடல் அதைத் தடுக்கக் கற்றுக்கொள்கிறது. ஆபத்து இருக்கிறது என்பதும் ஆற்றல் இல்லை என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முதலாவது, தடுப்பூசி போடச் சொல்லும். இரண்டாவது, ஊசியைத் தாங்காத உடம்பு என்று வீட்டுக்குள் பூட்டிவைக்கச் சொல்லும்.

உண்மையில் கருவுற்ற தாய்க்குப் போடும் ஊசி நமக்குப் புதியதன்று. மலையூர்ப் பெண்கள் உட்பட நம் தாய்மார்கள் பல பத்தாண்டுகளாக இரணஜன்னித் தடுப்பூசி போட்டுக்கொண்டு வருகிறார்கள். தாயின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உருவாக்கி, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு அனுப்புகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள்களின் அளவு தாயின் இரத்தத்தில் உள்ளதைவிடக் கூடுதலாகவே இருப்பது வழக்கம். தன்னிடம் இருப்பதைக் காட்டிலும் மிகுதியாகத் தரும் ஏற்பாடு அது. தாய்-சேய் இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதென 2015இல் அறிவிக்கப்பட்டதற்கு, தூய்மையான பேறுகளோடு இந்தக் கொடையும் காரணம். நஞ்சு என்று நாம் பெயரிட்ட கொடியில்தான் அத்தனை மருந்தும் சென்றிருக்கிறது.

நம் இலக்கியம் கருப்பையை அறியாததன்று. திருமந்திரத்தில் கர்ப்பக் கிரியை என்று தனிப்பகுதியே உண்டு. மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவலில், மாதம் மாதமாக ஆபத்துகளுக்குத் தப்பிப் பிறக்கும் உயிரின் கதை வருகிறது. ஆனால் அங்கே நாம் கேட்பது கருவின் குரல். தாயின் உடல் கடக்கவேண்டிய இருண்ட இடமாகவே இருக்கிறது. பிற்காலத்தில் நாம் தாயைப் பேசத் தொடங்கியபோது தியாகம் என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம். அதுவும் பிழையே. தாய்க்கும் கருவுக்கும் இடையே இழுபறியும் உண்டு. கரு கூடுதலாகக் கேட்கிறது, தாயின் உடல் அளந்து கொடுக்கிறது என்று டேவிட் ஹெய்க் 1993இலேயே விளக்கியிருக்கிறார். போர்க்களமும் பலிபீடமும் அல்லாத ஓர் உறவு அது. இருவரும் பிழைக்கும்படி நாள்தோறும் நடக்கும் பேச்சுவார்த்தை எனலாம்.

ஆகவே சொற்களைப் பற்றி நம் கருத்தைத் துணிந்து வைக்கிறோம். நோய் எதிர்ப்பு என்பது ஒரு பணியின் பெயர். முழு அமைப்புக்கும் அதைச் சூட்டியதால்தான் எதிர்க்காதபோதெல்லாம் அது செத்துக்கிடக்கிறது என்று எண்ணுகிறோம். உடற்காப்பு என்று சொல்வதில் என்ன தடை? அயலானதைத் தாக்காமல் இருக்கும் பண்பைச் சகிப்புத்தன்மை என்று மொழிபெயர்க்கிறோம். பெண்களைப் பொறுத்துப் போகச் சொல்லியே பழகிய சமூகத்தில் அந்தச் சொல் உடலுக்குள்ளும் நுழையவேண்டுமா? ஏற்பு என்று சொல்லலாம். அறிந்து, ஆய்ந்து, இடம் கொடுப்பது என்ற பொருள் அதில் இருக்கிறது. கருவுற்ற காலத்தில் எதிர்ப்பு குறைகிறது என்று எழுதும் கைகள், காப்பு முறை மாறுகிறது என்று எழுதட்டும். நஞ்சுக்கொடிக்கோ நாம் புதுச்சொல் தேடவேண்டியதே இல்லை. ஆலமரத்தில் கட்டும் உழவர் வாயில் இளங்கொடி இருக்கிறது.

2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் இங்கு அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. முன்பு தொலைவூர்களுக்குச் சென்று பெறவேண்டியிருந்த மருத்துவம் இப்போது நமக்கு அருகில் வந்திருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குள் நுழையும் பெண்ணிடம் அவள் உடலைப் பற்றிச் சொல்லப்படும் முதல் வாக்கியம் சரியாக இருக்கவேண்டும் என்பது, தமிழ் படித்தவர்களும் கவலைப்படவேண்டிய செய்தி. அந்த மாணவியின் பிள்ளை இப்போது பள்ளிக்குப் போகிறான். அவருக்கு மறுபடியும் கரு உண்டாகி, மறுபடியும் நம்மை அழைத்து அதே கேள்வியைக் கேட்டால், இம்முறை சொல்லவேண்டிய விடை நம்மிடம் இருக்கிறது: "உன் உடம்பு பலவீனமாக இல்லையம்மா, இரண்டு பேருக்குக் காவல் காக்கிறது. அத்தையிடமும் அப்படியே சொல். ஊசியைப் போட்டுக்கொள்."